மூத்த செவிலியரை வழிகாட்டியாக்குவது எப்படி?

கேள்வி: 200 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். பயிற்சி மாணவியரையும் புதிதாகச் சேரும் பட்டதாரிகளையும் 10 ஆண்டுகளுக்கு மேல் அனுபவமுள்ள சீனியர் ஸ்டாஃப் நர்ஸ்களிடம் ஒப்படைக்கிறோம். "கூடவே நின்று பார்" என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். புதியவர்களோ சில மாதங்களில் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். சீனியர்களுக்கு எத்தகைய பயிற்சி தர வேண்டும்? மதிப்பீட்டையும் அவர்களே எழுதலாமா?

பதில்: உங்கள் சீனியர்களுக்கு மனமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 500 மி.லி. சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டு. சீனியர் 15 விநாடி சொட்டுகளைப் பார்ப்பார், ஐந்து விழுந்தால் சரி என்று திருகியை விட்டுவிடுவார், போகிற போக்கில் ஊசி குத்திய இடத்தில் வீக்கம் இருக்கிறதா என்று விரலால் தொட்டும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். பக்கத்தில் நின்ற மாணவிக்குத் தெரிந்ததெல்லாம் சிஸ்டர் எதையோ திருகினார் என்பது மட்டுமே. கணக்கும் கவனிப்பும் கைப்பழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டதால், தான் இத்தனை வேலை செய்தோம் என்பதே அந்தச் சீனியருக்கு நினைவிருக்காது.

செவிலியர் ஒருவர் கற்றுக்குட்டி நிலையிலிருந்து வல்லுநர் நிலைக்கு ஐந்து படிகளில் வளர்கிறார் என்று 1984இல் விளக்கிய அமெரிக்கப் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர், வல்லுநர் விதிகளைச் சார்ந்து நிற்பதில்லை என்பதையும் அதனாலேயே தன் முடிவுக்கான காரணத்தைச் சொல்லத் திணறக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆகவே பணிமூப்புப் பட்டியலைப் பார்த்து வழிகாட்டிகளை நியமிக்காதீர்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டு அனுபவமுள்ள, தான் தடுமாறிய இடங்களை இன்னும் மறக்காத ஒருவர் பல நேரங்களில் இதற்கு மேலும் பொருத்தமாக இருப்பார். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்துவதால் புதியவருக்குத்தான் கேடு.

பயிற்சியின் முதல் பாடம், செய்வதை வாய்விட்டுச் சொல்லப் பழகுவது. மூன்று சீனியர்களை உட்கார வையுங்கள். ஒருவர் கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போடுவதை ஒரு படி விடாமல் சொல்லட்டும், மற்ற இருவரும் அந்தச் சொற்களை மட்டுமே நம்பி பயிற்சிக் கையில் செய்யட்டும். கையில் இறுக்கிக் கட்டிய பட்டையை (டூர்னிகெட்) எப்போது தளர்த்துவது என்பதை விட்டுவிட்டோமே என்று அவர்களே சிரித்துக்கொள்வார்கள். சொற்பொழிவு செய்யாததை இந்த அரை மணி நேரம் செய்யும்.

இரண்டாவது பாடம், கேட்கக் கற்பது. குடும்ப மருத்துவப் பயிற்சிக்காக 1992இல் வெளியான 'ஒரு நிமிட' முறை வார்டுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. புதியவர் ஒருவர், மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலின் குப்பியை எடுத்துக்கொண்டு, மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிவப்பு மூடி சிரிஞ்சைப் பிரிக்கிறார். சிரிஞ்சைப் பிடுங்கித் தானே போட்டுவிடுவது சீனியரின் முதல் உந்துதல். அதனால் ஆபத்து விலகும், பாடம் நடக்காது. மாறாக, மருந்து மேசையருகே, நோயாளியின் காதுக்கு எட்டாமல், "10 யூனிட்டுக்கு எந்தக் கோடு வரைக்கும் இழுக்கப் போறம்மா?" என்று கேட்கலாம். "10ஆம் கோடு வரைக்கும் சிஸ்டர்." "ஏன்?" "சிரிஞ்சுலயே யூனிட் போட்டிருக்கே." இப்போது குறை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. கேஸ் ஷீட்டில் அளவைச் சரிபார்த்தது நல்லது என்று சொல்லிவிட்டு, அந்தக் கோடு வரை இழுத்தால் 0.25 மி.லி., அதாவது 25 யூனிட் உள்ளே போகும் என்பதைக் காட்டி, குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதியோடு முடிக்கலாம். முடிவைக் கேட்பது, காரணத்தைக் கேட்பது, சரியானதைச் சொல்வது, தவறைத் திருத்துவது, பொதுவிதியைத் தருவது என அந்த முறையின் ஐந்து படிகளும் இதற்குள் அடங்கிவிட்டன.

நோயாளியின் முன் கேட்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் புதிதாகச் சேர்ந்த இடத்தில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி சீனியர் ஒருவர் கேட்ட கேள்விக்கு, விடை தெரிந்திருந்தும் எனக்கு வாய் எழவில்லை. அதன்பின் இரண்டு மாதம் அவரிடம் சந்தேகமே கேட்காமல் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்தே காலம் தள்ளினேன்.

புதியவர்கள் விலகுவதைப் பற்றிச் சொன்னீர்கள். கல்லூரியில் கற்றதும் வார்டில் காண்பதும் மோதும்போது எழும் அதிர்ச்சியை அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974லேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். "அதெல்லாம் காலேஜோட சரி" என்ற ஒற்றை வாக்கியம் அந்த அதிர்ச்சியை இரட்டிப்பாக்குகிறது. வார்டு வழக்கத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அதை விளக்கவும், அது வெறும் குறுக்குவழியாக இருந்தால் கல்லூரி முறைதான் சரி என்று ஒப்புக்கொள்ளவும் சீனியர்கள் பழக வேண்டும். பயிற்சியில் இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வரும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு டியூட்டி பட்டியல் மாறாவிட்டால் பயனில்லை. வழிகாட்டிக்கும் புதியவருக்கும் முதல் ஆறு வாரமாவது ஒரே ஷிஃப்ட், ஒரே நோயாளிகள் இருக்கட்டும். வழிகாட்டியின் நோயாளி எண்ணிக்கையைக் குறையுங்கள். யாரேனும் விடுப்பு எடுத்த நாளில் புதியவரைத் தனி ஆளாகக் கணக்கிட்டு வேறு வார்டுக்கு அனுப்பாதீர்கள். "நேரமில்லை" என்ற சீனியரின் குறை பெரும்பாலும் உண்மையான குறைதான்.

மதிப்பீட்டை அவர்களே எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் 2018இல் வெளியிட்ட தர விதிகளில், முன்பு ஒரே வழிகாட்டி செய்துவந்த இரண்டு வேலைகளைப் பிரித்து, மாணவரை அன்றாடம் மேற்பார்வையிடுபவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர் என்று ஆக்கியது. மதிப்பெண் போடுபவரிடம் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கம் மருந்து விஷயத்தில் ஆபத்தானது. ஆனால் வழிகாட்டி கண்டதை மதிப்பிடுபவர் அறிய வேண்டும். எனவே இன்று தானே செய்தது, உதவியோடு செய்தது, இன்னும் பார்க்காதது என்று மூன்று பகுதிகள் கொண்ட சிறு நோட்டு ஒன்றைப் புதியவரே எழுதி வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கட்டும். வார்டு பொறுப்பாளர் வாரம் ஒருமுறை அதைப் பார்த்து, தன் கண்ணால் ஒரு மருந்துச் சுற்றையும் கவனித்துவிட்டு மதிப்பீட்டை எழுதட்டும். நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடிய எதுவாயினும் அந்த நோட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் உங்கள் காதுக்கு வர வேண்டும் என்பதை இரு தரப்பினரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.