கேளுங்கள், சொல்கிறேன்: வைக்கோல் நட்ட பிள்ளை

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. பள்ளியில் எழுத வைக்கிறார்கள். பென்சிலைப் பார்த்தாலே அழுகிறான். வீட்டிலும் எழுதவைத்துப் பழக்கட்டுமா?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: வேண்டாம்மா. அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருக்காது. சப்பாத்தி மாவை உருட்டட்டும், உங்களோடு உட்கார்ந்து கீரை ஆயட்டும். விரலுக்குப் பலம் வரட்டும், அப்புறம் பென்சில்.

கேள்வி: பி.எஸ்ஸி. மனையியல் முடித்திருக்கிறேன். சிறு குழந்தைகள் கல்வியில் ஆராய்ச்சி செய்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஆசை. "பால்வாடிப் பிள்ளைங்களைப் பார்த்துக்க ஆராய்ச்சி எதுக்கு?" என்கிறார் அப்பா. என்ன சொல்வது?
(வாசகி, பாபநாசம்)

பதில்: எனக்கு இதற்குப் பதில் கிடைத்தது திருவையாறு பக்கம் ஒரு கிராமத்துப் பால்வாடியில். நடவு சமயம். ஆராய்ச்சிக்கு நான் புதிது. எல்லாப் பிள்ளைகளும் பாட்டுப் பாட, நாலு வயதுப் பையன் ஒருவன் மட்டும் சுவரோரம் வைக்கோலை ஒடித்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். 'கவனமில்லாத பிள்ளை' என்று நோட்டில் எழுதினேன்.

பக்கத்தில் நின்ற ஆயா சொன்னார்: "அவன் நாத்து நடுறான் டீச்சர். பின்னாலயே போறான் பாருங்க."

அப்போதுதான் பார்த்தேன். வயலில் அம்மா நகர்வதுபோலவே குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். வைக்கோலை நாற்று முடிபோலக் கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்திருந்தான், கட்டுக்கு ஐந்து துண்டு. எண்ணச் சொன்னால் மூன்றைத் தாண்டாத பிள்ளை அவன்!

எழுதியதை அடித்தேன். பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த இடமெல்லாம் முதல் வேலையே இதுதான்: நோட்டில் நடுக்கோடு போடுங்கள், இடப்பக்கம் கண் கண்டது, வலப்பக்கம் மனம் நினைத்தது. முதல் வாரம் எல்லோருக்கும் வலப்பக்கம்தான் நிரம்பும். இடப்பக்கம் நிரம்ப ஆரம்பித்தால் அந்த டீச்சர் பிள்ளைகளை அதட்டுவது குறைந்துவிடும். பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் இதையும் சொல். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கியது. அதற்கு முன்பே, 1972இல், பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி மினா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து அறிக்கை தந்திருந்தது. நம் கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதனின் துணைவியார் அவர்.

கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலோ பரோடா பல்கலைக்கழகத்திலோ மனித மேம்பாடு முதுகலை படிக்கலாம். மனையியலில் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதலாம், அப்புறம் பிஎச்.டி. ஆராய்ச்சித் திட்டம் முடிந்ததும் சம்பளமும் நின்றுபோன வருடங்கள் எனக்கு உண்டு. அதை அப்பாவிடம் மறைக்காதே.

குறுவை நடவு தொடங்கப்போகிறது. உங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சரிடம் அனுமதி கேட்டு, ஒரு வாரம் தரையில் உட்கார். ஒரே ஒரு பிள்ளையைப் பார். நோட்டின் இடப்பக்கத்தை மட்டும் எனக்கு எழுதி அனுப்பு.