ஊட்டிக்கு இத்தனை லட்சம் பேர் வந்தாங்கன்னு சொல்றாங்களே, அந்தக் கணக்கை நம்பலாமா?

நியூஸ்ல வர்ற எண் பல சமயம் பொட்டானிக்கல் கார்டன் டிக்கெட் கணக்குதான். அதே குடும்பம் மதியம் ரோஸ் கார்டனும் போயிருக்கும், ரெண்டையும் கூட்டினா ஒரே ஆளை ரெண்டு தடவை எண்ணின மாதிரி ஆயிடும்.

மலை ரயில் 2005லயே யுனெஸ்கோ பட்டியல்ல வந்தாச்சு, ஆனா அதுல ஏறுறவங்க எண்ணிக்கையை வச்சு அதோட மவுச அளக்கவே முடியாதுங்க, ஏன்னா மேட்டுப்பாளையத்துல இருந்து வழக்கமா காலைல ஒரே வண்டிதான், கல்லாறு தாண்டி குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்குற பல்லு வச்ச கம்பிய பல்சக்கரத்தால புடிச்சு, எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளிட்டு ஏறணும், இஷ்டத்துக்கு பெட்டி சேக்க முடியாது, வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னு போனவங்க எந்தக் கணக்குலயும் வரமாட்டாங்க.

2024 மே மாசம் ஹைகோர்ட் உத்தரவுல வந்த இ-பாஸ் (வெளியூர் வண்டிங்க ஆன்லைன்ல பதிஞ்சு வாங்குற அனுமதி) கணக்குதான் ஓரளவு உருப்படி, அதுலயும் அரசு பஸ்ல வர்றவங்க கிடையாது. 2025 சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வாரக் கடைசில 8,000னு லிமிட் வச்சது இந்த இ-பாஸ் இருந்ததாலதான்.