மாதக்கணக்கில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்: பேட்டரி பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், ஆறு மாதம் வண்டியை எடுக்க மாட்டேன். எல்லாவற்றையும் அணைத்துச் சாவியையும் எடுத்த பிறகு பேட்டரி ஏன் இறங்குகிறது?

சாவியை எடுத்தாலும் வண்டி முழுதாகத் தூங்குவதில்லை. அலாரம், சென்ட்ரல் லாக், சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். இது 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி 25 நாளில் பாதி, 50 நாளில் காலி.

இறங்குவதைவிட, இறங்கிய நிலையிலேயே கிடப்பதுதான் பேட்டரியைக் கொல்கிறது. சார்ஜ் குறையும்போது தகடுகளில் லெட் சல்பேட் படிகிறது. சீக்கிரம் சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டியாக இறுகிவிடும். பிறகு எந்தச் சார்ஜராலும் முழுதாக மீட்க முடியாது. அதனால் வண்டியை நிறுத்தும் அன்றே பேட்டரி ஃபுல்லாக இருக்க வேண்டும். "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாதா?

போதாது. மேலே சொன்ன கணக்கில் ஒரு வார இழப்பு 8.4 ஆம்பியர் மணி. அதைப் பத்து நிமிடத்தில் திருப்பித் தர, விடாமல் 50 ஆம்பியர் ஏற வேண்டும். முக்கால்வாசி நிரம்பிய லெட் ஆசிட் பேட்டரி அவ்வளவு வேகமாக வாங்காது; கடைசிக் கால்பங்கு ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். இன்ஜினுக்கும் இது கெடுதல். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடேறாத ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கித் துருவை உண்டாக்கும்.

கேள்வி: அப்படியானால் எந்தச் சார்ஜர், எப்படி மாட்டுவது?

தானாக வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பேட்டரி மெயின்டெய்னர் வாங்குங்கள். நிரம்பிய பேட்டரியைக் காக்க 1 ஆம்பியர் போதும். இறங்கியதை ஏற்றவும் வேண்டுமென்றால் 4 அல்லது 5 ஆம்பியர். பழைய பாணி ட்ரிக்கிள் சார்ஜர் வேண்டாம். பேட்டரி நிரம்பியதும் நிறுத்தத் தெரியாமல் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும், உள்ளே தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரியும்.

முதலில் சிவப்புக் கிளிப்பை பாசிட்டிவ் டெர்மினலில் மாட்டுங்கள். கறுப்புக் கிளிப்பை நெகட்டிவ் டெர்மினலில் அல்ல, பாடியில் உள்ள எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். இன்றைய கார்கள் பலவற்றில் நெகட்டிவ் டெர்மினலின் மேலேயே சின்ன சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். கிளிப்பை அங்கே கடித்தால் ஏறும் சார்ஜ் சென்சாரைத் தாண்டிப் போய்விடும், பேட்டரி இன்னும் காலி என்றே வண்டி நினைத்துக்கொள்ளும். சுவர் ப்ளக் கடைசியில்தான். கழற்றும்போது ப்ளக் முதலில்.

ஏஜிஎம் பேட்டரி (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் லெட் ஆசிட் வகை) என்றால் சார்ஜரில் அந்த மோடைத் தேர்ந்தெடுங்கள். இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும்.

கேள்வி: நிறுத்தும் இடத்தில் ப்ளக் பாயின்டே இல்லை. நெகட்டிவைக் கழற்றி வைக்கலாமா?

தாராளமாக. ஃபுல் சார்ஜ் ஏற்றிய பிறகு, 10 எம்எம் ஸ்பேனரால் நெகட்டிவ் கிளாம்பை மட்டும் கழற்றித் துணி சுற்றி ஒதுக்குங்கள். வண்டி இழுப்பது நின்றுவிடும், பேட்டரி தனக்குள்ளே இழப்பது மட்டும் மிஞ்சும். அது மெதுவாகத்தான் நடக்கும், வெயில் காலத்தில் கூடும். மாதம் ஒருமுறை மல்டிமீட்டர் வையுங்கள்: 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 என்றால் சார்ஜ் ஏற்றும் நேரம் வந்துவிட்டது, 12.2 என்றால் பாதி போய்விட்டது. சார்ஜரை எடுத்தவுடன் அளந்தால் பொய்யான கூடுதல் எண் வரும். சில மணி நேரம் விட்டு அளக்கவும்.

கூபே வண்டிக்காரர்கள் கவனிக்க: ஃபிரேம் இல்லாத கதவில், கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். கரண்ட் இல்லாவிட்டால் இறங்காது. கதவைத் திறந்து மூடும்போது கண்ணாடி விளிம்பு ரப்பரைக் கிழிக்கும். கழற்றுவதற்கு முன்பே கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். பேட்டரி முன் டிக்கிக்குள் (வண்டியின் முன்பக்கச் சாமான் அறைக்குள்) இருக்கிறது, அதன் பூட்டும் மின்சாரத்தில் இயங்குகிறது என்றால், டிக்கியை முழுதாக மூடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, மூடிவிட்டேனே! 997 மாடல் போர்ஷே 911. பேட்டரி செத்துவிட்டது, முன் டிக்கி திறக்கவில்லை.

பதற வேண்டாம், கம்பியை விட்டு நெம்பவும் வேண்டாம். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சிவப்பு முனையை வெளியே இழுக்கலாம். வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை அதில் கொடுங்கள். நெகட்டிவைக் கதவுப் பூட்டு மாட்டும் உலோகக் கொக்கியில் வையுங்கள். சாவியில் டிக்கி பட்டனை அழுத்தினால் திறக்கும். பூட்டைத் திறக்க மட்டுமே இந்த வழி. இதிலிருந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்ய முயன்றால் அந்த மெல்லிய வயர் தாங்காது.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்கும் இதே முறைதானா?

இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு அதற்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும். லெட் ஆசிட் சார்ஜரின் சல்பேட் நீக்கும் மோடு வோல்ட்டை ஏற்றி இதைக் கெடுத்துவிடும். தன்னிழப்பு மிகக் குறைவு என்பதால் முக்கால் சார்ஜில் நெகட்டிவைக் கழற்றி வைத்தாலே நல்லது. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். மீட்டர் திடீரென்று பூஜ்யம் காட்டினால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வோல்ட் மிகவும் குறைந்ததும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். அதை எழுப்பும் வசதி உள்ள லித்தியம் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கழற்றிய பேட்டரியை சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்குமாமே?

இறங்காது. இன்றைய பிளாஸ்டிக் உறை வழியாகத் தரைக்குக் கரண்ட் போகாது. மேல்பக்கம் அழுக்கும் ஆசிட் ஈரமும் படிந்திருந்தால்தான் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே கசியும். ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி வையுங்கள்.