மீட்டர் முள் அசைந்தால் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: பழைய யாஷிகா மேட் 124ஜி (ஃபிலிம் போட்டு எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமரா) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசைகிறது என்று சொல்லி விற்பவர் விலையை ஏற்றுகிறார். கடற்கரை, வயல்வெளி என்று பெரும்பாலும் வெயிலில்தான் படம் எடுக்கப்போகிறேன். வாங்கலாமா?

பதில்: மீட்டருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். 1970 முதல் 1986 வரை தயாரான கேமரா இது. முள் அசைகிறது என்பதால் அது சரியான அளவைத்தான் காட்டுகிறது என்று நம்பிவிட முடியாது. 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைத்த மீட்டர் இது. அந்த பேட்டரி இப்போது கடைகளில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டு வரும். காதுக் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் என்பதால் ஓரளவு ஒத்துவரும். ஆனால் ஸ்டிக்கரைப் பிரித்த நாளிலிருந்தே அது தீரத் தொடங்கிவிடும்.

விலை பேசுவதற்கு முன் ஷட்டரைப் பாருங்கள். பின்கதவைத் திறந்து, அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) 3.5இல், ஷட்டர் வேகத்தை 1 நொடியில் வைத்து, பக்கவாட்டுக் கைப்பிடியான கிராங்கைச் சுற்றி, ஜன்னல் பக்கம் பிடித்து ஷட்டர் பொத்தானை அழுத்துங்கள். உள்ளே பற்சக்கரம் சீராக 'ர்ர்ர்' என்று ஓடி, ஷட்டர் இதழ்கள் சட்டென்று மூடவேண்டும். பாதியில் திணறினால், திறந்தபடியே நின்றால், எண்ணெய் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். சர்வீஸ் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அடுத்து டார்ச் அடித்து லென்ஸைப் பாருங்கள். சிலந்திவலை போலக் கிளைவிட்ட கோடுகள் தெரிந்தால் பூஞ்சை. அது கண்ணாடியையே அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. நாமாக இருந்தால் அதை வாங்கமாட்டோம். தூசி நாலைந்து இருப்பதில் பாதகமில்லை.

வெயிலுக்கு மீட்டரே தேவையில்லை. மேகமில்லாத பகலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 ஃபிலிமுக்கு அபெர்ச்சர் எஃப் 16, வேகம் 1/125 நொடி; அல்லது எஃப் 8, 1/500. கடற்கரை மணலில் வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள் (ஒரு படி என்றால் பாதியாக்குவது அல்லது இரட்டிப்பாக்குவது). மர நிழலில் மூன்று படி கூட்டுங்கள். நெகட்டிவ் ஃபிலிமில் ஒரு படி அதிகமாகப் போனாலும் படம் கெடாது. ஐஎஸ்ஓ 400 மட்டும் வெயிலுக்கு வேண்டாம்: 1/500க்கு மேல் வேகம் இல்லாததால் எஃப் 16, 22 என்று மூடியே எடுக்கவேண்டியிருக்கும், பின்னணியை மங்கலாக்க வழியிருக்காது. கோடாக் எக்டார் 100, கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் நல்ல தேர்வு.

கேள்வி: 120 ரோலில் (இந்த மாதிரி கேமராவில் போடும் ஃபிலிம் சுருள்) 12 படமும் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் ஓரமெல்லாம் வெளிச்சம் பாய்ந்திருக்கிறது. கேமராவில் ஓட்டையா?

பதில்: ஓட்டை என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் கறை விழும். ரோலின் ஓரம் முழுக்க என்றால், ரோல் தளர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 120 ஃபிலிமுக்கு டப்பா கிடையாது. பின்னால் ஒட்டிய தாள்தான் வெளிச்சத்தைத் தடுக்கிறது. சுருள் தளர்ந்தால் ஓரம் வழியாக வெயில் புகுந்துவிடும். கடைசிப் படம் முடிந்ததும் தாளின் வால் முழுதும் சுருண்டு ஏறும்வரை கிராங்கைச் சுற்றுங்கள். நிழலில் நின்று, வேறு நிழல் இல்லையென்றால் உங்கள் முதுகை வெயிலுக்குக் காட்டி, கதவைத் திறங்கள். சுருளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து எடுத்து, வால் நுனியை உள்ளே மடித்து, பசைப் பட்டையை நனைத்து இறுக்கி ஒட்டுங்கள். ஒட்டிய கையோடு கறுப்புப் பையில் போட்டுவிடுங்கள். லேப் போகும்வரை சட்டைப்பையில் வைத்திருக்கவேண்டாம்.