பல்பு 21 வாட்டா, 240 வாட்டா?

கேள்வி: வண்டியில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைக் கழற்றி மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்தேன், 0.6 ஓம் காட்டியது. வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் என்று படித்திருக்கிறேன், அப்படிப் போட்டால் 240 வாட் வருகிறது. மீட்டர் பொய்யா, பல்பில் அச்சடித்தது பொய்யா?

பதில்: இரண்டுமே உண்மைதான். நீங்கள் அளந்தது அணைந்திருக்கிற பல்பை, அச்சடித்திருப்பது எரிகிற பல்புக்கு. 21 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 1.75 ஆம்பியர், 12 வோல்ட்டை அந்த 1.75ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6.9 ஓம், எரியும்போது இழையின் தடை அதுதான். இழை டங்ஸ்டன் என்ற உலோகம், அது சூடேற ஏறத் தடையும் ஏறும், இழை வெள்ளையாக ஒளிரும் சூட்டில் அது குளிர்ந்திருந்ததைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்காகிவிடும். உங்கள் 240 வாட்டும் வெறும் காகிதக் கணக்கு இல்லை, சுவிட்சைப் போட்ட அந்தக் கண நேரத்தில் 12ஐ 0.6ஆல் வகுத்தால் வரும் 20 ஆம்பியரை நோக்கித்தான் மின்னோட்டம் பாயப் பார்க்கும் (வயரின் தடை கொஞ்சம் பிடித்து நிறுத்தும்), இழை சூடானதும் 1.75க்கு இறங்கிவிடும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே போவது இதனால்தான்.

ஆக, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வரும் ஓம் அந்த நேரத்துத் தடை, அவ்வளவுதான். கெட்டில் போன்றவற்றில் சூடாக்கும் நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பியில் இந்தத் தொல்லை குறைவு, சூட்டில் தடை பெரிதாக மாறாது. 230 வோல்ட், 2000 வாட் கெட்டில் என்றால் 8.7 ஆம்பியர், 26.5 ஓம் சுமார், ஆறியிருக்கும்போது அளந்தாலும் அதை ஒட்டித்தான் வரும். அப்புறம், ஒரு ஓமுக்குக் கீழே அளக்கும்போது முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2 காட்டினால் அது மீட்டர் வயரின் தடை, அதைக் கழித்துவிட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது மட்டும் ஓம் அளக்கவே கூடாது.

கேள்வி: ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினாலும் வாட், வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தாலும் வாட் என்கிறார்கள். முதலாவதில் தடை கூடினால் திறன் கூடுகிறது, இரண்டாவதில் குறைகிறது. எதை நம்ப?

பதில்: பல பேர் கேட்கத் தயங்குகிற கேள்வி இது. சூத்திரத்தைப் பார்க்காதீர்கள், இணைப்பில் எது மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். பிளக்கில் செருகும் சாமான்களுக்கு வோல்ட் மாறாது, அங்கே தடை குறைந்தால் திறன் கூடும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோத்தவற்றில் ஆம்பியர் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அங்கே தடை அதிகமானதுதான் அதிகம் சூடாகும். 40 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைத் தொடரில் கோத்து 230 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் 40 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும், 100 வாட் மங்கிக் கிடக்கும். முதலாவதன் தடை 1300 ஓமுக்கு மேல், இரண்டாவதன் தடை 529 ஓம். போதாக்குறைக்கு மங்கலாக எரிகிற பல்பு ஆறியே இருப்பதால் அதன் தடை இன்னும் இறங்கிவிடும்.

இதைவிட முக்கியமான ஒரு தப்பு இருக்கிறது. பிளக்கில் ஒரு தொடுமுனை தளர்ந்து அங்கே 0.5 ஓம் தடை உருவாகிவிட்டது, அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 230ஐ வர்க்கமாக்கி 0.5ஆல் வகுப்பவருக்கு லட்சம் வாட்டுக்கு மேல் விடை வரும், அபத்தம். 230 வோல்ட் மொத்தச் சுற்றுக்கு, தளர்ந்த இடத்தில் விழுவது 10 பெருக்கல் 0.5, அதாவது 5 வோல்ட்தான். 5ஐ 10ஆல் பெருக்கினால் 50 வாட். கேட்கச் சின்ன எண்தான், ஆனால் நகம் அளவு இடத்தில் 50 வாட் என்றால் பிளக் உருகிக் கருகும், மின்னோட்டம் 10 ஆம்பியரைத் தாண்டாததால் ஃபியூஸும் சும்மா இருக்கும். எந்தப் பொருளுக்குக் கணக்குப் போடுகிறோமோ அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட்டைத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: மின்விசிறி 230 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் 69, தகட்டில் 60 வாட்தான் போட்டிருக்கிறது.

பதில்: மாறுதிசை மின்சாரத்தில் மோட்டாருக்கு அந்தப் பெருக்கல் வோல்ட்-ஆம்பியர், வாட் இல்லை. மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வருவதால் திறன் காரணி என்ற ஒன்றாலும் பெருக்க வேண்டும், உங்கள் விசிறிக்கு அது 0.87 சுமார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து அதைச் சுருளின் தடை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மின்னோட்டத்துக்கு ஏன் 'ஐ' என்ற எழுத்து?

பதில்: இந்த அலகுக்குப் பெயர் தந்த அறிவியலாளர் ஆம்பியர் பிரெஞ்சுக்காரர். அவர்கள் மொழியில் 'மின்னோட்டத்தின் செறிவு' என்பதில் செறிவுக்கான சொல் அந்த எழுத்தில் தொடங்குகிறது.

கேள்வி: தடையின் அலகுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் ஓம் காலத்தில் வோல்ட்மீட்டரும் கிடையாது, அம்மீட்டரும் கிடையாது. வோல்ட், ஆம்பியர், தடை மூன்றுக்கும் உள்ள உறவை எப்படித்தான் கண்டுபிடித்தார்?

பதில்: முதலில் தப்பாகத்தான் கண்டுபிடித்தார். அவர் வைத்திருந்த மின்கலத்தின் அழுத்தம் நிலையாக இல்லை, 1825இல் எழுதிய சூத்திரம் சரியாக வரவில்லை. பிறகு பொக்கண்டார்ஃப் என்ற இயற்பியலாளர் யோசனை சொல்ல, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து ஒரு இணைப்பைக் கொதிக்கும் நீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டு வெப்பநிலையும் அசையாது என்பதால் மின்னழுத்தமும் அசையவில்லை. மின்னோட்டத்தை அளக்க, மெல்லிய இழையில் தொங்கவிட்ட காந்த ஊசி திரும்பியதும் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தார், அவ்வளவுதான் அம்மீட்டர். 1827இல் புத்தகம் வந்தபோது சொந்த நாட்டில் ஏளனம்தான் கிடைத்தது. லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் தன் உயரிய விருதான கோப்ளி பதக்கம் கொடுத்தது 1841இல்.