16 கோடி டாலர் ஒப்பந்தம், 54 முறை பூஜ்யம்: கிறிஸ் டேவிஸுக்கு என்ன ஆனது?

கேள்வி: பல நூறு கோடி சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் வருடக்கணக்கில் ஆடவே முடியாமல் தடுமாறினால் என்ன நடக்கும்? பேஸ்பாலில் அப்படி யாராவது உண்டா? அணி ஏன் அவரை வெளியே அனுப்புவதில்லை?

உண்டு, எங்கள் ஊர் அணியிலேயே உண்டு. நான் மேரிலாந்தில் வசிக்கிறேன். பால்டிமோர் ஓரியோல்ஸ்தான் எங்கள் வீட்டு அணி. அந்த அணியின் கிறிஸ் டேவிஸ் 2016 ஜனவரியில் ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைய மதிப்பில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை ஓரியோல்ஸ் யாருக்கும் கொடுக்காத தொகை. அதற்கப்புறம் அவர் ஆட்டம் சரிந்த மாதிரி, அத்தனை உயரத்தில் இருந்த வேறு யாருடைய ஆட்டமும் சரிந்து நான் பார்த்ததில்லை.

என்னைக் கேட்டால், அவர் சறுக்கியதற்குக் காரணம் பணம் இல்லை. ஆனால் அந்தச் சறுக்கல் அத்தனை வருடம் நீண்டதற்கும், ஊரே பார்க்க நடந்ததற்கும் அந்த ஒப்பந்தம்தான் காரணம். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்பது தெரிய வேண்டும்.

டேவிஸ் டெக்சாஸ்காரர். 2011 ஜூலையில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியிலிருந்து பால்டிமோர் வந்தார். இடது கை மட்டையாளர், நல்ல உடல்வாகு, பந்து சரியாக மாட்டினால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. எங்கள் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தின் வலது பக்கத்தில் யூட்டா தெரு என்று ஒரு நடைபாதை இருக்கிறது. பழைய ரயில்வே கிடங்குக்கும் மைதானத்துக்கும் நடுவில். அங்கே போய் விழுந்த ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, எல்லையைத் தாண்டிப் பறக்கும் அடி) ஒவ்வொன்றுக்கும், விழுந்த இடத்திலேயே தரையில் பேஸ்பால் வடிவில் ஒரு சின்ன உலோகத் தகடு பதித்திருப்பார்கள். பெயர், தேதி, எத்தனை அடி தூரம் என்று அதில் இருக்கும். குழந்தைகள் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போவார்கள். டேவிஸ் பெயர் அதில் திரும்பத் திரும்ப வரும்.

2012 மே 6 அன்று பாஸ்டனில் நடந்த ஆட்டத்தை இங்கே இன்னும் பேசுகிறார்கள். ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 17 இன்னிங்ஸ் போனது. டேவிஸ் எட்டு முறை மட்டை பிடித்து ஒரு ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்வது) கூட இல்லை, ஐந்து ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது). பந்து வீச ஆள் தீர்ந்துபோனதும் அவரையே பிட்சராக அனுப்பினார்கள். இரண்டு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். ஓரியோல்ஸ் 9-6 என்று ஜெயித்தது, வெற்றி பெற்ற பிட்சர் என்று அவர் பெயர்தான் பதிவானது. ஒரு நாள் முழுக்க மட்டையில் ஒன்றும் வராவிட்டாலும் வேறு வழியில் உதவப் பார்க்கிற ஆள் அவர். பின்னால் நடந்ததை எல்லாம் அதை மனதில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

2013-ல் 53 ஹோம் ரன். 1996-ல் பிரேடி ஆண்டர்சன் அடித்த 50-தான் அதுவரை அணியின் சாதனை. லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் வந்தார். மறுவருடமே மட்டைச் சராசரி .196-க்கு (ஆயிரம் முறையில் 196 ஹிட்) விழுந்தது. 2014 செப்டம்பரில் அடெரால் என்ற மருந்துக்காக 25 ஆட்டத் தடை. கவனக்குறைவுப் பிரச்சினைக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துதான், முன்பு அவருக்கு அதற்கு அனுமதியும் இருந்தது, அந்த வருடம் இல்லை. அணி பிளேஆஃப் (சீசன் முடிவில் பட்டத்துக்கான ஆட்டங்கள்) போனபோது அவர் ஆட முடியவில்லை. ஆனால் 2015-ல் அனுமதியோடு திரும்பி வந்து 47 ஹோம் ரன் அடித்தார். அந்த வருடம் மேல்மட்டப் பேஸ்பாலின் இரண்டு லீகிலும் சேர்த்து அதுதான் அதிகம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "தெரிந்தே தண்டமாகக் கொடுத்தார்கள்" என்று இப்போது பேசுகிறவர்கள் அந்த 2015-ஐ மறந்துவிடுகிறார்கள். ஒரு முறை விழுந்து எழுந்த ஆளை நம்பித்தான் கொடுத்தார்கள். பேஸ்பால் சம்பள முறையும் அப்படிப்பட்டது. முதல் ஆறு வருடம் ஆட்டக்காரர் அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார், நினைத்த அணிக்குப் போக முடியாது. வெளிச் சந்தைக்கு வரும்போது பெரும்பாலும் முப்பது வயதைத் தொட்டிருப்பார். அதாவது உடம்பு இறங்கத் தொடங்கும் வயதில்தான் பெரிய ஒப்பந்தம் கைக்கு வருகிறது. டேவிஸ் கையெழுத்துப் போட்டபோது முப்பதுக்கு இரண்டு மாதம் குறைவு.

இனி சரிவு. பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: மட்டை பிடித்த ஆயிரம் முறையில் முந்நூறு ஹிட் என்றால் .300, அவர் பெரிய ஆள். .250 சாதாரணம். .200-க்குக் கீழே போனால் அணியில் இடமே சந்தேகம். டேவிஸ் 2016-ல் .221, கூடவே 38 ஹோம் ரன், 219 ஸ்ட்ரைக்அவுட். 2017-ல் .215. 2018-ல் .168. சராசரிப் பட்டியலில் சேரும் அளவுக்கு ஒரு சீசனில் ஆடியவர்களில் வரலாற்றிலேயே அதுதான் கீழான எண்.

ஏன் என்று கேட்டால், ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. அவர் எப்போதும் வலது பக்கமாகவே இழுத்து அடிப்பவர். எதிரணிகள் உள்வட்டத்தில் நிற்கும் நால்வரில் மூன்று பேரை அந்தப் பக்கமே நிறுத்தின. முன்பு ஹிட் ஆகிய தரைப்பந்தெல்லாம் நேராக யார் கைக்காவது போனது. பிட்சர்களின் வேகம் வருடா வருடம் ஏறியது. முப்பத்திரண்டு வயதில் மட்டை ஒரு கணம் தாமதமானாலும் போதும், பந்து தாண்டிவிடும். 2018-ல் அவர் மட்டையோடு வந்த மூன்று முறைக்கு ஒரு தடவைக்கு மேல் ஸ்ட்ரைக்அவுட். உள்வட்டக்காரர்களை அப்படி ஒரே பக்கம் குவிக்கக் கூடாது என்று 2023-ல் விதி வந்தது. அவருக்கு அது பயன்படவில்லை.

2018 ஜூனில் மேனேஜர் (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளர்) பக் ஷோவால்டர் அவரை ஒரு வாரத்துக்கு மேல் உட்காரவைத்தார். மட்டை வீச்சைச் சரிசெய்யக் கூட நின்றவர் பிரேடி ஆண்டர்சன். ஆமாம், யாருடைய சாதனையை டேவிஸ் முறியடித்தாரோ அதே ஆண்டர்சன், அப்போது அணி நிர்வாகத்தில் இருந்தார். அதுவும் நிலைக்கவில்லை. அணி அந்த வருடம் 115 ஆட்டம் தோற்றது.

இப்போது உங்கள் கேள்விக்கு: ஏன் வெளியே அனுப்பவில்லை? பேஸ்பாலில் ஒப்பந்தத் தொகை முழுக்க உத்தரவாதம். நாளைக்கே நீக்கினாலும் கடைசி டாலர் வரை கொடுத்தாக வேண்டும். சரி, கீழ்மட்ட லீகுக்கு அனுப்பி ஆட்டத்தைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்லலாமே என்றால், ஐந்து வருடம் மேல்மட்டத்தில் ஆடி முடித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. குறைந்த சம்பளக்காரராக இருந்தால் .168 வரை போக விட்டிருக்கவே மாட்டார்கள். மே மாதமே பெஞ்சில் உட்காரவைத்திருப்பார்கள், இல்லை ஏதாவது சின்ன ஊரில் ஆயிரம் பேர் முன்னால் ஆடித் திருந்த விட்டிருப்பார்கள். அந்தச் சாதனை எண்ணுக்கே ஐந்நூற்றுச் சொச்சம் வாய்ப்பு தேவை. அத்தனை வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது ஒப்பந்தத்தால்தான். வருடம் 2.3 கோடி டாலர் கணக்கில் இருக்கும் ஆளை உட்காரவைக்க எந்த நிர்வாகத்துக்கும் மனசு வராது, "இன்றைக்காவது அடிப்பாரா" என்று தினமும் பெயரை எழுதுவார்கள்.

அப்புறம் வந்தது தலைப்பில் சொன்ன அந்த 54: தொடர்ந்து 54 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட் கூட இல்லை. 2018 செப்டம்பர் 14-க்குப் பிறகு அந்த சீசன் முடியும் வரை 21 முறை மட்டை பிடித்து ஹிட் இல்லை. 2019 ஏப்ரல் வந்தது, வீட்டு மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே மூன்று ஸ்ட்ரைக்அவுட். அரங்கம் முழுக்க ஊளைச் சத்தம். அவர் இடத்தில் வேறொருவரை மட்டை பிடிக்க அனுப்பியதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. காசு கொடுத்து வந்தவனுக்குக் கத்த உரிமை உண்டு என்பார்கள், இருக்கட்டும். ஆனால் 2013-ல் இதே ஆளுக்காகத் தொண்டை வற்றக் கத்திய ஊர் இது.

ஏப்ரல் 8 இரவு ஓக்லண்டுடன் ஆட்டம். நாற்பத்தைந்தாயிரம் பேர் உட்காரும் இடத்தில் ஏழாயிரம் பேர் கூட இல்லை. பச்சை நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலி. யூஜெனியோ வெலெஸ் என்பவர் 2010, 2011-ல் தொடர்ந்து 46 முறை ஹிட் இல்லாமல் போனதுதான் பிட்சர் அல்லாதவர்களில் அதுவரை மோசமான சாதனை. அன்று டேவிஸ் அதைத் தாண்டினார். கொடுமை என்னவென்றால், தாண்டிய அந்த முறை பந்து மட்டையில் நன்றாகவே பட்டது. இடது பக்கம் விர்ரென்று பறந்து நேராக அங்கே நின்றவர் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. சறுக்கலில் இருக்கும்போது நல்ல அடியும் இப்படித்தான் போகும்.

முடிவுக்கு வந்தது ஏப்ரல் 13, பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில், அவர் முன்பு பிட்சராக ஜெயித்த அதே மைதானத்தில். முதல் இன்னிங்ஸில் ரிக் போர்செல்லோ வீசிய பந்தை வலது பக்கம் அடித்தார், இரண்டு ரன் வந்தது. முதல் பேஸில் (அடித்தவர் ஓடிச் சேரும் முதல் நிலை) நின்றுகொண்டு சிரித்தபடி, அந்தப் பந்தை எடுத்து வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். எதிரணி ரசிகர்களே கைதட்டினார்கள். அன்று மொத்தம் மூன்று ஹிட், நான்கு ரன் அவர் அடியில் வந்தது. பாஸ்டன் ரசிகனான ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அந்த நாட்களில் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தான். நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பதற்கும் நீங்கள் எவ்வளவு நல்ல மனிதர் என்பதற்கும் சம்பந்தம் இல்லை, விட்டுவிடாதீர்கள் என்பது அதன் சாரம். வீட்டு மைதானத்தில் கிடைக்காத வார்த்தை, பரம எதிரி ஊர்ச் சின்னப் பையனிடமிருந்து வந்தது.

ஆட்டம் மட்டும் திரும்பவில்லை. 2019-ல் .179. ஆகஸ்டில் டக்அவுட்டில் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) மேனேஜர் பிராண்டன் ஹைடு மேலேயே பாயப் போய், கூட இருந்தவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். அந்த ஒரு காட்சி நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. அதே வருடம் நவம்பரில் அவரும் மனைவியும் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனைக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தது அந்த அளவுக்கு ஓடவில்லை. எங்கள் பக்கத்துக் குழந்தைகள் போகும் மருத்துவமனை அது. அதனால்தான் "வாங்கிய காசுக்கு என்ன செய்தான்" என்று யாராவது கேட்டால் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை.

2020-ல் பயிற்சி ஆட்டங்களில் நன்றாக அடித்தார், கொரோனா வந்து சீசனே தள்ளிப்போனது. தொடங்கியபோது அவருக்கு 16 ஆட்டத்தோடு முடிந்தது. 2021-ல் இடுப்பு அறுவைசிகிச்சை, ஆகஸ்ட் 12 அன்று ஓய்வு அறிவித்தார்.

எல்லோருக்கும் இப்படித்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். டெட்ராய்டின் ஹாவியர் பயஸ் 14 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டவர், 2024-ல் .184-க்கு விழுந்து அவரையும் முடிந்தார் என்றே எழுதினார்கள். 2025-ல் இடம் மாற்றி நடு வெளிக்களத்துக்குப் போய் லீகின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்தில் தொடக்க வீரராக நின்றார். அவருக்கு இன்னொரு வேலை கொடுக்க இடம் இருந்தது. மைதானத்தில் ஓடிப் பிடித்தும் எறிந்தும் அணிக்கு உதவ முடிந்தது. டேவிஸுக்கு முதல் பேஸைக் காப்பதும் மட்டையும்தான்.

பண விஷயம் ஒன்று பாக்கி. ஒப்பந்தத்தில் 4.2 கோடி டாலரைப் பின்னால் தவணையாகத் தருவதாக எழுதியிருந்தார்கள், அது 2037 வரை போகும். ஒவ்வொரு ஜூலையிலும் யாராவது இதைத் தோண்டி எடுத்துச் சிரிப்பதைப் பார்க்கிறேன். அணி தன் வசதிக்காகத் தள்ளிவைத்த கடன் அது, அவருக்குச் சேர வேண்டிய காசு.