மசோதா பாஸாகிவிட்டதாம், 300 ரூபாய் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். "வேலை நேரத்தை மாற்றும் மசோதா சட்டசபையில் பாஸாகிவிட்டது, இரண்டு நாளில் அமல்" என்று எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில் செய்தி சுற்றுகிறது. ஆளுநருக்கு ஆட்சேபணை மனு போட்டு நிறுத்தலாம் என்று ஒருவர் வீடு வீடாக வருகிறார். ஆளுக்கு 300 ரூபாய், ஆதார் நகல், வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்கிறார். என் மாமியார் கொடுத்துவிட்டார். நானும் கொடுக்கவா?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. ஆளுநருக்கு மனு எழுதக் கட்டணம் கிடையாது, ஆதார் நகலும் வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்தால் போதும். மக்கள் மனுவைக் கேட்டுத்தான் ஆளுநர் முடிவெடுக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. ஆகவே "மனு போட்டால் நின்றுவிடும்" என்பவர் உங்களிடம் பொய் சொல்கிறார்.

எனக்குப் பணத்தைவிட அந்த வெற்றுத் தாள்தான் கவலை. சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் ஒரு நகலைக் கொண்டுவந்தார். ஊரில் வரவிருந்த ஒரு திட்டத்துக்கு எதிர்ப்பு மனு என்று சொல்லி வாங்கிய கையெழுத்து. அதற்கு மேலே, அதே திட்டத்தை வரவேற்று நான்கு வரி டைப் அடித்திருந்தார்கள். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே ஒரு சாண் காலியாகக் கிடந்தது. அந்த நடுங்கும் எழுத்து அவருடையதுதான், மறுக்க முடியவில்லை. மேலே இருந்த வரிகள்தான் அவருடையவை இல்லை. மக்கள் பயப்படும் நேரம் பார்த்து இப்படிக் கையெழுத்தும் ஆதாரும் போன் நம்பரும் திரட்டுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் காகிதங்கள் பிறகு யார் கைக்குப் போகின்றன என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

சரி, மசோதாவுக்கு வருவோம். பாஸானது வேறு, அமலானது வேறு. பேரவையில் நிறைவேறிய மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் வேண்டும். தொழிலாளர் விஷயம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் இங்கே செல்லுபடியாகக் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வேண்டும். அப்புறம் அரசிதழில் வர வேண்டும். வந்த பிறகும் முதல் பிரிவைப் பாருங்கள். பெயருக்கு அடுத்து, "அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிப்பிடும் தேதியில் நடைமுறைக்கு வரும்" என்ற பொருளில் ஒரு வரி பல சட்டங்களில் இருக்கும். அந்தத் தேதி வரும்வரை சட்டம் தூங்கும். மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரத்தில், 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்றுதான். "இரண்டு நாளில் அமல்" என்ற பேச்சை இதோடு வைத்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது: அவசரச் சட்டம். பேரவை கூடாத நாட்களில் அமைச்சரவை பரிந்துரைத்து ஆளுநர் பிறப்பித்தால், அது உடனே சட்டம். விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கலையாமல் நின்றபோது ஜல்லிக்கட்டுக்கு வந்தது அப்படித்தான். 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி பேரவையில் மசோதா. ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. பேரவை மறுபடி கூடிய ஆறு வாரத்தில், முறையான சட்டம் வராவிட்டால் காலாவதி. ஆன்லைன் சூதாட்டத் தடைக்கு 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம் வந்தது. அதே மாதம் 19ஆம் தேதி பேரவை மசோதாவையும் நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் வரவில்லை. நவம்பர் கடைசியில் அவசரச் சட்டம் செத்துப்போனது. 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. நடுவில் நாலு மாதத்துக்கு மேல் அவசரச் சட்டமும் இல்லை, முறையான சட்டமும் இல்லை. ஆகவே யாராவது "உடனே அமல்" என்றால், மசோதாவா அவசரச் சட்டமா என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகப் பேரவையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா, உறுப்பினர்கள் வாயால் 'ஆம்', 'இல்லை' சொல்லும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள், ஆளுங்கட்சியின் சங்கம் உட்பட, ஒரே குரலில் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே 1 அன்று வாபஸ் அறிவிப்பு. அதே ஏப்ரல் 21 அன்று இன்னொரு மசோதாவும் நிறைவேறியது: சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா. நீர்நிலைகளை உள்ளடக்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு நிலத்தை ஒருங்கிணைக்கும் சட்டம். ஏரி, ஓடை சம்பந்தப்பட்ட விஷயம், விவாதமே இல்லாமல் முடிந்தது. பலருக்குச் செய்தியே பிறகுதான் தெரிந்தது. அந்த ஆகஸ்டில் ஒப்புதல், 2024 அக்டோபரில் அமல்.

இந்த அவசரம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியச் சட்டம் என்றால், வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014 முதல் ஒரு கொள்கையாவது இருக்கிறது. சட்டமில்லை, கொள்கைதான், அதனால் வசதிப்பட்டபோது மறந்துவிடுகிறார்கள். குரல் வாக்கெடுப்பிலோ உங்கள் எம்.எல்.ஏ. 'ஆம்' சொன்னாரா 'இல்லை' சொன்னாரா என்பதற்கு எழுத்தில் சாட்சியே கிடையாது. கோடிப் பேர் வாழ்க்கையைத் தொடும் விஷயத்தை ஒரு சத்தத்தில் முடிப்பதை எப்படி ஏற்பது?

ஆகவே நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் ஆளுநர் அல்ல, உங்கள் எம்.எல்.ஏ. மசோதா அறிமுகமானதும், பேரவை அதை விவாதித்து முடிவெடுப்பதற்குள், சட்டமன்ற இணையதளத்திலோ அவர் அலுவலகத்திலோ பிரதி வாங்குங்கள். உங்களைப் பாதிக்கும் ஒரே ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு, அதனால் உங்கள் ஷிப்ட் எப்படி மாறும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். குரலுக்குப் பதிலாக, ஒவ்வொருவர் வாக்கையும் எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பை அவர் கேட்பாரா என்றும் கேளுங்கள். பத்துப் பேராகப் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சங்கம் இருந்தால் சங்கம் வழியாகப் போவது இன்னும் பலம். சட்டம் வந்த பிறகு விதிகளின் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்டால், அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் பரிசீலிக்கும் கடமை அரசுக்கு வருவது அங்கேதான்.

மாமியார் விஷயத்துக்கு இன்றைக்கே போங்கள். துணைக்கு இரண்டு பேரோடு அந்த ஆளிடம் தாளைத் திரும்பக் கேளுங்கள். தந்தால் அங்கேயே கிழித்துவிடுங்கள். தராவிட்டால், எந்தத் தேதியில், என்ன சொல்லி வாங்கினார், அது வெற்றுத் தாள் என்பதை எழுதி, மாமியார் பெயரில் உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வாங்குங்கள். ஆதார் நகல் போயிருப்பதால் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவை, யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டிவிடுங்கள். ஆதார் செயலியிலேயே செய்யலாம், காசு கிடையாது.